இழை எண்ணிய ஜானகி அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் தாவரவியல் மாணவி)

விஞ்ஞானி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுபவர்கள் யார்? நியூட்டன், ஐன்ஸ்டீன், மேரி கியூரி! நம் நாட்டவரைச் சொல் என்றால் இராமன், இராமானுஜன் என்போம். அதற்குமேல் கேட்டால் விழிப்போம். சென்னையில் கற்று, கோவையில் உழைத்து, உலகப் போரின் குண்டு வீச்சுக்கு நடுவே இலண்டனில் ஆராய்ந்து, முடிவில் சென்னைக்கு அருகே மதுரவாயலில் மறைந்த ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். தாவரவியல் பயிலும் எங்கள் வகுப்பிலேயே அவர் பெயரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் டாக்டர் எடவலத்து கக்கட்டு ஜானகி அம்மாள். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால், அதற்கு முன் நாம் எல்லோரும் தின்று பார்த்த ஒரு கனியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

கல் நிறைந்த கனி

ஆடி, ஆவணி மாதங்களில் ஆரணிக் கடைத்தெருவில் தள்ளுவண்டிகளில் பேரிக்காய் குவிந்திருக்கும். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வருபவை அவை. கடித்தால் நறநற என்று பல்லில் மணல் அகப்பட்டதுபோல் இருக்கும் அல்லவா? தாவரவியல் மாணவர் எவரைக் கேட்டாலும் அதன் காரணத்தைச் சொல்வர். செய்முறை வகுப்பில் பேரிக்காய்ச் சதையைச் சிறிது சுரண்டி, சாஃப்ரனின் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் சுவர் தடித்த செல்கள் கூட்டங்கூட்டமாய்ச் சிவந்து தோன்றும். இவற்றுக்குக் கற்செல்கள் என்று பெயர். லிக்னின் என்னும் பொருள் படிந்து கெட்டியாகிப்போன, உயிரற்ற செல்கள் இவை.

இன்னொரு வியப்பு! நாம் விரும்பித் தின்னும் சதை உண்மையில் கனியே அன்று. சூலகத்தைச் சூழ்ந்துள்ள பூத்தளப் பகுதி பருத்துச் சதையாகிறது. உள்ளே விதைகளோடு இருக்கும் நடுப்பகுதிதான் சூலகத்திலிருந்து வந்தது. இதனால்தான் ஆப்பிளையும் பேரியையும் பொய்க்கனி என்கிறோம். ஐரோப்பியப் பேரிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் பைரஸ் கம்யூனிஸ். அதன் காயை முற்றியதும் பறித்து வைத்துப் பழுக்கவிட வேண்டும். மரத்திலேயே விட்டால் நடுப்பகுதியிலிருந்து கெட ஆரம்பிக்கும். குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் பெற்றால்தான் அம்மரத்தின் மொட்டுகள் உறக்கம் கலைந்து விரியும். ஆகவே நம் சமவெளியில் அது காய்ப்பதில்லை. நம் மலைகளில் நன்கு வளரும் கீஃபர் என்னும் வகை, ஐரோப்பியப் பேரியும் சீனத்து மணற்பேரியும் கலந்து பிறந்த கலப்பினம். குன்னூரில் 1920ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பழவியல் நிலையத்தில் பேரி ஆராய்ச்சி நடந்து வந்திருக்கிறது.

இந்தப் பேரி மரம் விஞ்ஞானிகளை ஒரு புதிரால் நெடுங்காலம் அலைக்கழித்தது. ஒவ்வொரு உயிரின் செல்லிலும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்பவை இவையே. ரோஜாவும் பேரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் ரோஜாவின் அடிப்படை எண் 7. பிளம், பீச் இவற்றின் எண் 8. வேறு சில செடிகளுக்கு 9. பேரிக்கும் ஆப்பிளுக்குமோ 17! ஆகவே பேரியின் ஒவ்வொரு செல்லிலும் 34 குரோமோசோம்கள். உடன்பிறந்தாரிடையே இப்பிள்ளைக்கு மட்டும் இந்த எண் எங்கிருந்து வந்தது?

இலண்டனுக்கு அருகே மெர்ட்டன் என்னும் இடத்திலிருந்த ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் டார்லிங்டன், மாஃபெட் என்ற இரு விஞ்ஞானிகள் 1930ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை கூறினர். 7 இரட்டித்து 14 ஆகி, மேலும் 3 சேர்ந்து 17 ஆனது என்பது அவர்கள் கருத்து. பத்து ஆண்டுகள் கழித்து அதே டார்லிங்டனோடு சேர்ந்து பணியாற்றச் சென்றவர்தாம் நம் ஜானகி அம்மையார்.

தலைச்சேரியில் பிறந்த செடி

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் ஜானகி பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் திவான் பகதூர் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். தோட்டம் வளர்ப்பதிலும் பறவைகளைக் கூர்ந்து நோக்குவதிலும் பெரு விருப்பம் கொண்டவர். வீடு நிறையப் பிள்ளைகள். தீயர் எனப்படும் சமூகத்தில் பிறந்தவர்கள். அக்காலத்துச் சாதி அடுக்கில் மேல்தட்டினர் ஒதுக்கி வைத்த சமூகம் அது. எனினும் தந்தையார் பெண்களையும் படிக்க வைத்தார்.

தலைச்சேரியில் கன்னிமாடப் பள்ளியில் பயின்ற ஜானகி, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921ஆம் ஆண்டில் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்பு சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி. அந்நாளில் ஒரு பெண்ணுக்கு இதுவே சிகரம். வீட்டில் உறவிலேயே மாப்பிள்ளை பார்த்துத் திருமணப் பேச்சும் நடந்தது. அவ்வேளையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் உதவித்தொகை கிடைத்தது. ஆசியப் பெண்கள் கல்வி பெறுவதற்கென்றே பார்பர் என்னும் செல்வர் நிறுவிய அறக்கொடை அது. திருமணமா, கல்வியா? ஜானகி கப்பலேறினார்.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் அவரைத் தடுத்து நிறுத்தி வைத்தனராம். நீண்ட கருங்கூந்தலையும் பட்டு உடையையும் கண்டு, இவர் ஏதோ இந்திய இளவரசி என்று அங்கிருந்தோர் எண்ணினார்களாம். அம்மையாரும் அதை மறுக்கவில்லையாம்! ஆரணியில் பிறந்த எனக்கு இந்நிகழ்ச்சியைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. பட்டு உடுத்தியவரை இளவரசியாக்கும் உலகம், அதை நெய்தவரை என்னவாக எண்ணும் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

மிச்சிகனில் முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பி, மீண்டும் அங்கே சென்று, 1931ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். தக்காளி, கத்தரியின் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களே அவர் ஆராய்ச்சிப் பொருள். விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்ற இந்தியப் பெண்கள் அன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

கோவையின் கரும்பு

தாயகம் திரும்பிய அம்மையார் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இரண்டாண்டுகள் பணியாற்றினார். 1934ஆம் ஆண்டில் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் அறிஞராகச் சேர்ந்தார். கோவைக் கரும்பை உண்டாக்கியவரே இவர்தாம் என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரும், வெங்கட்ராமன் அவர்களும் இனிப்புக் கரும்பை நம் ஆற்றங்கரை நாணலினக் காட்டுக் கரும்போடு கலந்து, புகழ்பெற்ற கோவை வகைகளை முன்பே உருவாக்கிவிட்டனர். இந்தப் பார்பர் வேறு, உதவித்தொகை தந்த பார்பர் வேறு. அந்தக் கலப்பினங்களின் செல்லுக்குள் நடப்பது என்ன என்பதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து காட்டியதே ஜானகி அம்மையாரின் பெருமை. உள்ளதைவிட மிகைப்படுத்திச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள். காட்டுக் கரும்பிலோ இடத்துக்கு இடம் எண் மாறும். 40 முதல் 128 வரை செல்லும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, எண்ணி, படம் வரைவது எளிதன்று. வெங்காய வேர் நுனியில் உள்ள 16 குரோமோசோம்களை எண்ணவே ஒரு முழுச் செய்முறை வகுப்பு எங்களுக்குப் போதவில்லை! கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து பெற்ற கலப்பினங்களை அம்மையார் ஆராய்ந்தார். மூங்கில்–கரும்புக் கலப்பினம் பற்றிய அவரது கட்டுரை 1938ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1935ஆம் ஆண்டில், சர் சி. வி. இராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆயினும் கோவையில் அவர் வாழ்வு இனிக்கவில்லை. பெண், தனித்து வாழ்பவர், ஒதுக்கப்பட்ட சமூகத்தவர் என்ற மூன்றும் அவருக்கு எதிராக நின்றன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

குண்டு மழைக்கு நடுவே

1939ஆம் ஆண்டு ஆகஸ்டில் எடின்பரோவில் ஏழாவது உலக மரபியல் மாநாடு. அதற்குச் சென்றிருந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கினார். 1940 முதல் 1945 வரை ஜான் இன்னெஸ் நிறுவனத்தில் உதவிச் செல்லியல் அறிஞராகப் பணி. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். மறுநாள் காலையில் ஆய்வுக்கூட அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவாராம். இத்தகைய சூழலில் எண்ணப்பட்டவைதாம் நாம் நூலில் ஒரு வரியாகப் படித்துச் செல்லும் எண்கள்.

அதே நிறுவனத்தில் அவ்வாண்டுகளில் பேரி மரத்தைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்தது. ஒரே வகைப் பேரியைத் தோட்டம் முழுதும் நட்டால் பூக்கும், ஆனால் சரிவரக் காய்க்காது. ஏன்? ஒரு வகையின் மகரந்தத்தை அதே வகையின் சூலகம் ஏற்பதில்லை. கிரேன், லூயிஸ் என்ற இரு விஞ்ஞானிகள் மெர்ட்டனில் எந்தப் பேரி எந்தப் பேரியோடு சேரும், எது சேராது என்று கலந்து கலந்து பார்த்து, 1942ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தன்னினத்து மகரந்தக் குழாயைச் சூல்தண்டில் உள்ள ஒரு நொதி அழித்துவிடுகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. சில பேரி வகைகளில் 34க்குப் பதில் 51 குரோமோசோம்கள் இருக்கும். மூன்று பங்காக இருப்பதால் அவை சமமாகப் பிரிய இயலாது. அவற்றின் மகரந்தம் பெரும்பாலும் பயனற்றது. ஆகவே தோட்டக்காரன் அருகில் எந்த மரத்தை நட வேண்டும் என்பதை முடிவு செய்ய, செல்லுக்குள் உள்ள இழைகளின் எண்ணிக்கை தேவைப்படுகிறது. குரோமோசோமை எண்ணி என்ன பயன் என்று கேட்போருக்கு இது விடையாகும்.

1945ஆம் ஆண்டில் டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேடு என்னும் பெருநூலை வெளியிட்டனர். உலக விஞ்ஞானிகள் எண்ணிச் சொன்ன ஆயிரக்கணக்கான தாவரங்களின் எண்களைக் குடும்பம் குடும்பமாகத் தொகுத்த நூல் அது. இன்ன பயிர் எங்கே பிறந்தது, எவ்வழியே பரவியது என்று ஆராய்வோருக்கு அது கைவிளக்காயிற்று.

அதன்பின் 1951 வரை விஸ்லியில் அரசத் தோட்டக்கலைக் கழகத்தில் பணி. அங்கே மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் என்னும் நச்சுப் பொருளை இட்டு, குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். நம் மாநில மலரான செங்காந்தளிலும் உள்ள நஞ்சுதான் இது. செல் பிரியும் வேளையில் இழைகளை இருபுறமும் இழுக்கும் கதிரை இது குலைத்துவிடும். ஆகவே இரட்டித்த இழைகள் ஒரே செல்லில் தங்கிவிடும். இவ்வாறு வளர்ந்த ஒரு வெண்மலர் மக்னோலியாவுக்கு ஜானகி அம்மாள் என்றே பெயரிட்டுள்ளனர்.

மீண்டும் தாயகம்

பிரதமர் நேரு அவர்களின் அழைப்பை ஏற்று அம்மையார் இந்தியா திரும்பினார். 1952ஆம் ஆண்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் தனி அலுவலராகப் பொறுப்பேற்றார். அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்பது பற்றி அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். அக்கூட்டத்தில் அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். 1977ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1970ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேர்ந்து, மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார். எண்பது வயதைக் கடந்த நிலையிலும், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை நீர்மின் அணைக்குப் பலியிடக் கூடாது என்று குரல் கொடுத்தார். அங்குள்ள செடிகளின் குரோமோசோம்களை ஆராயும் பணியிலும் இறங்கினார். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அம்மையார் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 7ஆம் நாளே மறைந்துவிட்டார். அண்மை ஆண்டுகளில் கொடைக்கானலில் ரோஜா இனங்களை உருவாக்கும் தம்பதியர் தாம் வளர்த்த ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். பேரி காய்க்கும் அதே மலையில், பேரியின் குடும்பத்தைச் சேர்ந்த மலருக்கு அவர் பெயர் அமைந்தது பொருத்தமே.

அந்த 17இன் புதிர் என்னவாயிற்று? 8ஐ உடைய ஒரு மூதாதையும் 9ஐ உடைய ஒரு மூதாதையும் கலந்தே 17 வந்தது என்று பிற்காலத்தில் பலர் நம்பினர். 2010ஆம் ஆண்டில் ஆப்பிளின் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. சீனப் பேரியினுடையதும், 2014ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பேரியினுடையதும் தொடர்ந்து வெளிவந்தன. 9 இரட்டித்து 18 ஆகி, பின் ஒன்று குறைந்து 17 ஆயிற்று என்பதே இன்று ஏற்கப்பட்ட விடை. ஆக, 1930இல் பேரறிஞர்கள் கூறிய விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் அவர்கள் எண்ணிய 34 இன்றும் 34தான். விளக்கம் மாறலாம், நேர்மையாக எண்ணிய எண்ணிக்கை மாறாது. விஞ்ஞானத்தைப் பற்றி நான் கற்ற பாடங்களுள் இதை முதன்மையானதாகக் கருதுகிறேன்.

எங்கள் தறியும் அவர் வாழ்வும்

என் தந்தையார் ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்மா தார் சுற்றுவார். அக்கா பத்தாம் வகுப்பு முடித்ததும் அம்மாவோடு அமர்ந்துவிட்டாள். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் விட்டால் புடவை நெடுகக் கோடு விழும். கூலியில் பிடித்தம் விழும். ஆகவே எங்கள் வீட்டில் இழையை எண்ணுவது விளையாட்டன்று, சோறு. ஜானகி அம்மையாரின் வரலாறு எனக்கு நெருக்கமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவருக்கும் எனக்கும் உள்ள தூரத்தையும் நான் மறக்கவில்லை. அவர் வீட்டில் தோட்டமும் நூல்களும் இருந்தன. எங்கள் வீட்டில் என் பாடநூல்களைத் தவிர அச்சிட்ட தாள் நாட்காட்டி ஒன்றே. அவர் தந்தை நீதி வழங்கும் நாற்காலியில் அமர்ந்தவர். என் தந்தை குழியில் காலை விட்டு அமர்பவர். ஆனால் அவர் வாழ்வைத் திருப்பியது ஓர் உதவித்தொகை என்பதைக் கவனியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த எங்களைப் போன்ற மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. என் பதிவேடும் பேருந்துச் செலவும் அதில்தான் நடக்கின்றன. தொகை சிறியதுதான், எனினும் செலவுக்கு வழியில்லை என்ற ஒரு காரணத்தை வீட்டாரிடமிருந்து அது எடுத்துவிட்டது.

ஆயினும் இன்னொரு காரணம் எஞ்சி நிற்கிறது. தை மாதம் முதல் எங்கள் வீட்டில் என் திருமணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்களே. மூன்றாம் ஆண்டு எதற்கு என்று மட்டும் கேட்கிறார்கள். அம்மா சரி என்கிறார். அப்பா இன்னும் எதுவும் சொல்லவில்லை. அம்மையாரைப் போல் எல்லாப் பெண்களும் திருமணமே வேண்டாம் என்று இருக்க வேண்டும் என நான் கூறவில்லை. அவர் தெரிந்தெடுத்த வழி அவருடையது. ஆனால் தெரிந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் வீடு அதை அவருக்கு விட்டுக்கொடுத்தது. அதைத்தான் நானும் கேட்கிறேன். பட்டம் பெற இன்னும் ஓர் ஆண்டு. முடிந்தால் அதன்மேல் முதுகலைக்கு இரண்டு ஆண்டுகள். பாவு ஓட்டி முடித்து, பாதி நெய்த புடவையை அறுத்தெடுக்க எந்த நெசவாளரும் ஒப்பார்.

தோழியரே! நம்முள் பலர் வீடுகளில் இதே பேச்சு நடப்பதை நான் அறிவேன். ஜானகி அம்மையாரின் பெயரை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள். பெரிய விஞ்ஞானி என்று மட்டும் சொல்லாதீர்கள். போரிலும் புறக்கணிப்பிலும் தம் கைவேலையைப் பாதியில் விடாதவர் என்று சொல்லுங்கள். அந்த மொழி உழைக்கும் வீடுகளுக்கு நன்றாகப் புரியும்.

இந்த ஆண்டு மலர் அச்சாகி வந்ததும் இக்கட்டுரையை முதலில் அப்பாவுக்குத்தான் படித்துக் காட்டப் போகிறேன். அவர் தறியிலிருந்து எழுந்து வரும் மாலை வேளையில், ஒரு வரி விடாமல் படிப்பேன். மூன்றாம் ஆண்டுக் கட்டணம் செலுத்த அதற்குப் பின்னும் நாள் இருக்கிறது.